நிலம் வாங்கும் முன் ஆவணங்களைப் படிப்பது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, ஈசியும் போட்டுப் பார்த்தாச்சு. அப்புறம் என்ன?" தமிழ்நாட்டில் முதல்முறை நிலம் வாங்கப் போகிறவர்களிடமும், அப்பா விட்டுச்சென்ற சொத்தைத் தம் பெயருக்கு மாற்ற நினைப்பவர்களிடமும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பயப்படத் தேவையில்லைதான். ஆனால் பட்டா, பத்திரம், ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று ஆகிய இந்த மூன்றில் எதுவும் தனியாக நின்று "இவர்தான் உரிமையாளர்" என்று உத்தரவாதம் தருவதில்லை என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. இன்னார் இன்னாருக்கு இன்ன சொத்தை எழுதிக் கொடுத்தார் என்பதை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் பதிவு செய்கிறார். எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் பாத்தியம் உண்டா என்று தீர்மானிப்பது அவர் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. பட்டாவோ வருவாய்த்துறையின் கணக்கு. அரசுக்குத் தீர்வை, அதாவது நிலவரி, கட்ட வேண்டியவர் யார் என்று காட்டுவதற்காக வந்தது. பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவருக்குச் சொத்துரிமை வந்துவிடாது, பெயர் இல்லாததாலேயே உரிமை போய்விடவும் செய்யாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன.

அப்படியானால் எதை நம்புவது? பத்திரங்களின் தொடர்ச்சி, வருவாய்க் கணக்கு, தரையில் இருக்கும் அனுபவம் (நிலத்தை உண்மையில் யார் கையில் வைத்திருக்கிறார் என்பது) ஆகிய மூன்றும் ஒரே ஆளையும் ஒரே துண்டு நிலத்தையும் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த மூன்றையும் பொருத்திப் பார்ப்பதற்கான வழிகள்.

முதலில் புல எண்

விற்பவரோ தரகரோ ஒரு கட்டு ஜெராக்ஸைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பிரிக்கும் முன் மாவட்டம், வட்டம், கிராமம், உட்பிரிவோடு கூடிய புல எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். புல எண்ணைத்தான் பேச்சு வழக்கில் சர்வே நம்பர் என்கிறோம். இவற்றை வைத்து வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் நீங்களே எடுங்கள். ஜெராக்ஸ் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், நீங்களே எடுத்த பிரதியை வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பட்டாவில் பட்டா எண், உரிமையாளர் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், புல எண், உட்பிரிவு, நன்செய் அல்லது புன்செய், பரப்பு, தீர்வை ஆகியவை இருக்கும். முன்பு தனியாக இருந்த சிட்டா இப்போது பட்டாவோடு ஒரே தாளில் வந்துவிடுகிறது. 'அ' பதிவேடு கிராமத்தின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் ஒரு வரி கொண்ட மூலக் கணக்கு. அந்த இடம் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, பழைய புல எண் என்ன என்பதெல்லாம் அதில் தெரியும். புலப்படம் என்பது அந்தப் புல எண்ணின் வரைபடம், அளவுகள் மீட்டரில் இருக்கும். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் சாகுபடிக் கணக்கு. எந்தப் பசலியில் யார் என்ன பயிர் வைத்தார் என்பதை அது சொல்லும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும், 1434-ஆம் பசலி 2024 ஜூலையில் தொடங்கியது.

பரப்பைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பட்டாவில் "0 - 46.00" என்று இருந்தால் 0 ஹெக்டேர், 46 ஏர் என்று பொருள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். சென்னைப் பக்கம் கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. தஞ்சைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மா, குழி என்று வரும். அங்கே 100 குழி ஒரு மா, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். குழிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பத்திரத்தில் உள்ள குழியை அந்த ஊர் வழக்கம் தெரிந்தவரிடம் கேட்காமல் மாற்றிப் போடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் சர்வே எண் 87/2, பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பட்டாவில் புல எண் 212/3, பரப்பு 0 - 46.00. 46 ஏர் என்பது 113 சென்ட்டும் கொஞ்சமும். பத்திரத்தில் 120 சென்ட் இருந்தது, 6 சென்ட்டுக்கு மேல் எங்கே போனது? சாலைக்கு எடுத்திருக்கலாம், பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம், பழைய பத்திரத்திலேயே உத்தேசமாக எழுதியிருக்கலாம். விற்பவர் "பத்திரத்தில் 120 இருக்கே, அதுக்குத்தான் விலை" என்பார். பத்திரம், பட்டா, தரையில் அளந்த அளவு மூன்றில் எது குறைவோ அதற்கு மட்டும் விலை பேசுங்கள். மீதி 6 சென்ட்டை மீட்டுத் தரும் பொறுப்பு விற்பவருடையது.

இப்படி எண்ணும் அளவும் மாறியதற்குப் பெரும்பாலும் காரணம் 1979 தொடங்கி 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஊரில் "யுடிஆர்" என்றால்தான் புரியும். அந்தச் சமயத்தில் நிலங்களை மறுபடி ஆய்வு செய்து, ஹெக்டேர் கணக்குக்கு மாற்றி, புதுப் பட்டாக்கள் கொடுத்தார்கள். நல்ல நோக்கத்தோடு நடந்த பெரிய வேலைதான். ஆனால் வெளியூரில் இருந்தவர்களின் நிலம் பங்காளி பெயரில் ஏறியது, அண்ணன் பெயர் மட்டும் விழுந்து தம்பி பெயர் விடுபட்டது, பக்கத்து நிலத்தோடு எண் மாறியது என்று ஏராளமான பிழைகள் இன்றுவரை தொடர்கின்றன. அதனால் இன்றைய பட்டாவை மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு பெயரும் யுடிஆரில் வேறு பெயரும் இருந்தால், இடையில் பெயர் மாறியதற்கு ஒரு பத்திரம் இருக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் பெயர் மட்டும் மாறியிருந்தால் அந்த நிலத்துக்கு என்றாவது ஒருநாள் வழக்கு வரும்.

கூட்டுப் பட்டா என்றால் ஒரே பட்டாவில் பலர் பெயர். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. கிராமத்துக் குடியிருப்புப் பகுதியான நத்தத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, நகரங்களில் நகர நில அளவைப் பதிவேடு உண்டு. அங்கே வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் ஆகியவற்றைக் கொண்டு தேட வேண்டும்.

பத்திரங்களின் தொடர்ச்சி

இப்போது ஜெராக்ஸ் கட்டைப் பிரிக்கலாம். இருப்பதிலேயே பழைய பத்திரத்திலிருந்து இன்றுவரை தேதி வரிசையில் அடுக்குங்கள். அந்தப் பழையதைத் தாய்ப்பத்திரம் அல்லது மூலப்பத்திரம் என்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ஆண்டு, ஆவண எண், யார் கொடுத்தது, யார் பெற்றது, புல எண், பரப்பு. ஒரு பத்திரத்தில் பெற்றவர்தான் அடுத்த பத்திரத்தில் கொடுத்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடையில் ஒரு சாவோ, ஒரு பாகப்பிரிவினையோ, காணாமல் போன ஒரு பத்திரமோ இருக்கிறது.

எந்த வகைப் பத்திரம் என்பதைப் பொறுத்துக் கேள்வியும் மாறும். கிரயப் பத்திரம் பணம் வாங்கி விற்றது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், முக்கியமாகச் சகோதரிகள். விடுதலைப் பத்திரம், கூட்டு உரிமையில் இருக்கும் ஒருவர் தம் பங்கை மற்ற கூட்டு உரிமையாளருக்கு விட்டுக் கொடுப்பது. விட்டவருக்கு உண்மையிலேயே பங்கு இருந்ததா, எத்தனை பங்கு, பெற்றவரும் பங்காளிதானா என்பதைப் பார்க்க வேண்டும். அடமானம், போக்கியம் (கடனுக்கு ஈடாகச் சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது) போன்றவை இருந்தால் கடன் தீர்ந்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும்.

தான செட்டில்மென்ட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் மகனுக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுத்த சொத்து நிறைய விற்பனைக்கு வருகிறது. பத்திரத்தின் நடுவில் "எங்கள் ஆயுள்காலம் வரை நாங்களே அனுபவித்துக்கொள்வோம்" என்றோ, "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டியது" என்றோ ஒரு வரி இருக்கும். அவசரத்தில் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். முதல் வகை வரி இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்கள் கைக்கு முழுமையாக வராது. இரண்டாவது வகை இருந்து, பிள்ளை பராமரிக்காமல் போனால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கோரலாம். பெற்றோர் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், இருந்தால் கிரயத்தில் அவர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வயதானவர்களை நேரில் பார்த்து, அவர்கள் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்களா என்று கேட்பது சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டிய காரியம் அல்ல.

பழைய பத்திரங்களின் நடையைப் பார்த்து மிரள வேண்டாம். "சுயார்ஜிதம்" என்றால் சொந்த சம்பாத்தியத்தில் வாங்கியது, "பிதுரார்ஜிதம்" என்றால் முன்னோர் வழி வந்தது. இந்த வேறுபாடு வாரிசுப் பங்கைத் தீர்மானிக்கும் என்பதால் அடிக்கோடு போட்டு வையுங்கள். "தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்றால் தானம் கொடுக்கவும் விற்கவும் முழு அதிகாரத்தோடு என்று பொருள். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்றால் பிள்ளை, பேரன் என்று தலைமுறையாக.

எல்லை எழுதும் முறையில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் "முருகன் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று இருக்கும். நம் நிலத்தின் மேற்கே முருகன் நிலம் இருக்கிறது என்று படித்துவிடுவார்கள். உண்மையில் முருகன் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது, ஆகவே முருகன் நமக்குக் கிழக்கே இருப்பவர். வண்டிப்பாதை நமக்குத் தெற்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு களத்தில் நின்றால், பக்கத்து நிலத்தைக் காட்டி விற்றாலும் தெரியாது. நான்கு எல்லைகளையும் ஒரு தாளில் வரைந்து, புலப்படத்தோடு வைத்துப் பாருங்கள். "மாமூல் பாதையில் நடந்துகொள்ளும் பாத்தியம்" போன்ற வரிகளையும் விடாதீர்கள். உங்கள் நிலத்துக்கு வழி அடுத்தவர் நிலத்தில் இருக்கிறதா, அடுத்தவருக்கு வழி உங்கள் நிலத்தில் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

வில்லங்கச் சான்று எதைக் காட்டும், எதைக் காட்டாது

வில்லங்கச் சான்றைத்தான் எல்லோரும் ஈசி என்கிறோம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்தால் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல் வரும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். வசதிக்காகப் பலர் 13 ஆண்டு, 15 ஆண்டு என்று நிறுத்திக்கொள்கிறார்கள். என் கருத்தில் 30 ஆண்டுக்குக் குறைவாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை, முடிந்தால் தாய்ப்பத்திரத் தேதி வரையில் போங்கள்.

தேடும்போது பழைய புல எண்ணுக்கு ஒரு முறை, புதிய எண்ணுக்கு ஒரு முறை, உட்பிரிவு இல்லாமல் முழு எண்ணுக்கு ஒரு முறை தேட வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 212/3-க்கு மட்டும் ஈசி போட்டால், 87/2 என்று எழுதப்பட்ட ஒரு அடமானம் கண்ணில் படாமலே போகலாம்.

ஈசியில் ஒன்றும் இல்லை என்றால் நிலத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல. உயில் பதிவானாலும் வேறு புத்தகத்தில் பதிவாகும், ஈசியில் வராது. பதிவே ஆகாத உயிலும் செல்லும், இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தால் போதும். நடக்கும் சிவில் வழக்கு பொதுவாக அதில் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். ஆகவே விற்பவர் பெயரையும் அவர் பங்காளிகள் பெயரையும் நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுத் தேடுங்கள். ஒருவர் இறந்ததால் வாரிசுகளுக்கு வந்த உரிமையும் ஈசியில் ஏறாது, அதில் ஒரு பத்திரமும் எழுதப்படுவதில்லையே.

வாரிசுகள்

நம் ஊர் நில வழக்குகளில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது, ஆகவே பொறுமையாகப் பாருங்கள். தொடர்ச்சியில் யாராவது உயில் எழுதாமல் இறந்திருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, பெயர்களைத் தனியாக எழுதுங்கள்.

இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் அவர் சொத்தில் சம பங்கு. தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் இறந்தபோது தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, பிறகு அவர் இறந்ததும் அந்தப் பங்கு இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் போகும். இறந்தவரின் தம்பியே ஒரு வாரிசாக வந்து நிற்கிறார் என்றால் பெரும்பாலும் இப்படித்தான். தகப்பனாருக்கு முன்பே இறந்த மகனோ மகளோ இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும், மகனானால் அவர் மனைவிக்கும், அந்தப் பங்கு உண்டு.

"பெண்களுக்குச் சொத்துரிமை 2005-இல்தான் வந்தது" என்பது பாதிதான் சரி. தகப்பனாரின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு. பிதுரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பு வழி உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது, அதுவும் அதற்குமுன் மணமாகாத மகள்களுக்கு. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடிவாகச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது.

"தங்கச்சிக்குச் சீர் செஞ்சு அனுப்பிட்டோம், அவளுக்குப் பங்கு கிடையாது" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தங்கையின் கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள். சீர் செய்ததால் பங்கு போகாது. அவர் மனமார விட்டுக் கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யட்டும், இல்லையென்றால் அவருக்குரிய பணம் அவர் கணக்கில் போய்ச் சேரட்டும். ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் பங்கில் வீடு கட்டிக் குடியேற யாரும் விரும்பமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

சொத்தில் மைனர் பங்கு இருந்தால், தகப்பனாரோ தாயோ மைனருக்காகக் கையெழுத்திட்டால் போதாது. தனிச் சொத்தாக இருக்கும் இந்து மைனர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால், அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுக்குள் கிரயத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கணக்கு வேறு. அதை வழக்கறிஞரிடம் குடும்ப வரைபடத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்று உறவைத்தான் சொல்லும், யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. அதில் ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் அவர் உரிமை விடுபடாது. ஆகவே ஊரில் போய், "அவங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று இரண்டு பெரியவர்களிடம் சாதாரணமாகக் கேட்டு, பதிலைச் சான்றோடு ஒப்பிடுங்கள்.

பவர்

பொது அதிகார ஆவணம் ஒருவர் சார்பில் செயல்பட மற்றவருக்குக் கொடுக்கும் அனுமதி. அது உரிமையை மாற்றாது. "பவர் எழுதி வாங்கிட்டேன், இடம் என்னுது" என்பது செல்லாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது. பவர் ஏஜென்டிடம் வாங்க நேர்ந்தால், பவர் ரத்தாகவில்லை என்று ஈசியில் பார்த்து, கொடுத்தவரோடு வீடியோ அழைப்பிலாவது பேசி, பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள்.

விற்கக் கூடாத நிலங்கள்

'அ' பதிவேட்டில் புறம்போக்கு, ஓடை, வாய்க்கால், குளம், மேய்ச்சல், அனாதீனம் என்று இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள், எத்தனை வீடு அதில் நின்றாலும் சரி. கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூதான நிலம், நில உச்சவரம்பில் எடுக்கப்பட்ட நிலம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். பழைய இனாம் கிராமங்களில் இந்த விசாரணை இன்னும் கூடுதலாகத் தேவை. அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலத்தின் பட்டாவில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கும்.

பஞ்சமி நிலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் திட்டம் வந்தது. அந்தச் சமூகத்தார் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அது மீறப்பட்டு, கை மாறி மாறிச் சுத்தமான பட்டாவோடு சந்தைக்கு வந்த நிலங்கள் உண்டு. பழைய பதிவேட்டில் ஒடுக்கப்பட்ட வகுப்பைக் குறிக்கும் "டி.சி." (டிப்ரஸ்டு கிளாஸ்) என்ற குறிப்பு இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அது ஒரு தலைமுறையின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட நிலம், விலை மலிவாக இருக்கிறதே என்று பார்க்கக் கூடாது.

வீட்டுமனை என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அல்லது சென்னைப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அங்கீகாரம் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கும் லேஅவுட்டுகளை நம்பாதீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்கு 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் பதிவு நடப்பதாலேயே கட்டட அனுமதி கிடைத்துவிடாது. புதிய லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

நிலத்தில் நின்று பாருங்கள்

காகித வேலை முடிந்தபின் புலப்படத்தோடு இடத்துக்குப் போங்கள். உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளந்து அத்து (எல்லை) காட்டச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அவர்களும் நிற்கும்போது அளப்பது நல்லது. எதிர்ப்பு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நிலத்தில் பயிர் வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவராக இருந்தால் தமிழ்நாட்டில் அவருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நிலம் கை மாறியதால் மட்டும் அவரை வெளியேற்ற முடியாது. அடுத்தவர் நிலத்தை உரிமையாளருக்குத் தெரிய, எதிரிடையாக, 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவிப்பவர் அனுபவ பாத்தியம் கோரலாம். வேலி ஓரமாக ஒரு குடிசை இருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், அதில் இருப்பவரிடமே பேசுங்கள்.

ஒப்பந்தம், பதிவு

எல்லாம் பொருந்தினால் கிரய ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதிவாக வேண்டியது. நூறு ரூபாய்த் தாளில் எழுதிக்கொண்டு முன்பணம் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கை மாறக் கூடாது. விலையோ அரசு மதிப்போ 50 லட்சத்தை எட்டினால், கிராமப்புற விவசாய நிலம் நீங்கலாக, வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். நாளைக்குக் கிரயம் செல்லாது என்று ஆனால், பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் நீங்கள் திரும்பக் கேட்க முடியும். முழு விலையையும் எழுதுங்கள்.

பத்திர எழுத்தர் வரைவைக் கொடுத்ததும் புல எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, ஆதாரில் உள்ளபடி பெயர் ஆகியவற்றை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பதிவுக்கு முந்தின நாள் மறுபடி ஒரு ஈசி எடுங்கள். அசல் பத்திரங்கள் முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவருக்கு அதே பத்திரத்தில் இன்னும் நிலம் மிச்சம் இருந்தால், சரிபார்க்கப்பட்ட நகல் வாங்கி, அசல் அவரிடம் இருப்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பட்டா மாறுதல்

பதிவோடு வேலை முடிந்தது என்று பத்திரத்தை பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் அதிகம். பட்டா பழையவர் பெயரிலேயே கிடந்தால், அவரோ அவர் வாரிசுகளோ அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், மறுபடி விற்க முயலலாம், நிலம் கையகப்படுத்தப்பட்டால் இழப்பீட்டு அறிவிப்பு அவருக்குப் போகும். உட்பிரிவு தேவைப்படாமல் முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால், விற்றவர் பெயரில் பட்டா இருக்கும்பட்சத்தில், பதிவின் தொடர்ச்சியாகவே பட்டா தானாக மாற வாய்ப்பு உண்டு. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய மனுக் கொடுக்க வேண்டும், நில அளவர் வந்து அளப்பார். அந்த நாளில் நீங்கள் கட்டாயம் அங்கே இருங்கள்.

புதுப் பட்டா வந்ததும் பெயர் எழுத்து, தகப்பனார் பெயர், பரப்பு, புலப்படத்தில் புது உட்பிரிவின் கோடு ஆகியவற்றைச் சரிபாருங்கள். எழுத்துப்பிழை என்றால் தாசில்தாரிடம் திருத்தக் கேட்கலாம். உங்கள் மனுவைத் தள்ளினாலோ தவறான பெயரில் மாற்றினாலோ, 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. யுடிஆர் காலத்துப் பிழைக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்யலாம். உரிமையே தகராறு என்றால் இந்த அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் அலையாமல் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்விடுங்கள், அதைத் தீர்க்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. மனுக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, எண்ணையும் தேதியையும் கிரயப் பத்திர நகலின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.